கைக்காசுப் புத்தகங்கள்

1920ஆம் ஆண்டில் பாரதி ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை தயாரித்து நண்பர்களுக்கும் அபிமானிகளுக்கும் அனுப்பினார். புதுவை வாசத்தில் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் தம் கைக்கு வந்துவிட்டன. அவற்றை 40 புத்தகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது திட்டம். முதற்செலவு சுமார் 20,000 ரூபாய். ஓரிரண்டு வருஷங்களில் ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம் வரும். நண்பர்கள் தலைக்கு நூறு ரூபாயாவது கடனாக அனுப்பவேண்டும். ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டும் மாதம் 2 சதவீத வட்டியும் தரப்படும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் செலவாவதுபோலத் தம் புத்தகங்கள் தமிழ்நாட்டில் செலவாகும் என்பது அவருடைய கணிப்பு.

இந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிடுகிறவர்கள் அநேகமாக ஒரு பெருமூச்சோடுதான் குறிப்பிடுகிறார்கள். கவியின் குழந்தை மனம், உலகம் அறியாத ஆசை என்றெல்லாம். எனக்கு அப்படிப் படவில்லை. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாலு லட்சம் பிரதிகளுக்கு 20,000 ரூபாய் என்றால் பிரதிக்கு ஓரணாவுக்கும் குறைவு. ஒன்றரை லட்சம் லாபம் என்றால் பிரதிக்கு ஆறணா. படிக்கத் தெரிந்தவர்களே மிகச் சிலராக இருந்த தேசத்தில் பத்தாயிரம் பிரதி என்பது அதிகப்படி நம்பிக்கைதான். முதற்செலவும் குறைத்துப் போட்ட செலவுதான். ஆனால் கணக்கின் அமைப்பில் பிசகு இல்லை. அவர் நன்கொடை கேட்கவில்லை, கடன் கேட்டார். பிரபுவின் தயவைக் கேட்கவில்லை, வட்டி தருகிறேன் என்றார். லாபம் எங்கிருந்து வரும் என்பதிலும் சந்தேகம் வைக்கவில்லை: புத்தகத்தை வாங்குகிறவனிடமிருந்து.

பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி இறந்தார். மறு வருஷம் செல்லம்மாள் பாரதி திருவல்லிக்கேணியில் பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் சுதேச கீதங்களை அச்சுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு பிரசுர உரிமை கைமாறி, 1949இல் சென்னை மாகாண அரசிடம் வந்து, 1955இல் எல்லோருக்கும் பொதுவானது. அதன் பின் மலிவுப் பதிப்புகள் பெருகி, அவர் சொன்ன தீப்பெட்டிக் கணக்கு ஒருவாறு மெய்யாயிற்று. கணக்குப் போட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

இங்கிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. 'சொந்தச் செலவில் போட்டுக்கொண்டான்' என்று ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் குரலில் ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. 'பதிப்பகம் போட்டது' என்றால் புத்தகம் பாதிக் கிணறு தாண்டிவிட்ட மாதிரி. இந்த இளக்காரம் நமக்கு எங்கிருந்து வந்தது? தமிழில் அச்சுப் புத்தகத்தின் சரித்திரம் இதற்கு ஆதாரம் தரவில்லை.

ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்கு வந்து அச்சு யந்திரம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை ஏற்பட்டது. எழுதியவர், பரிசோதித்தவர், அச்சிட்டவர் மூவரும் ஒருவரே. சி. வை. தாமோதரம் பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் சம்பாதித்ததைச் செலவழித்துத் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் வாத்தியார். விடுமுறைக்கு விடுமுறை சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் உட்கார்ந்து புரூப் பார்த்தார். பணத்துக்கு வழி, கையொப்பம். புத்தகம் வரும் முன்பே ஊர் ஊராக ஆட்களிடம் கையொப்பம் வாங்குவது. கனவான், வக்கீல், மடத்து ஆள், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் அதில் உண்டு. போட்ட எல்லாக் கையொப்பமும் பணமாக மாறாது. அச்சுக்கூடத்துக்காரருக்கோ வாரா வாரம் பணம் வேண்டும். இந்த அவஸ்தையை 'என் சரித்திர'த்தில் ஐயர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சங்க நூல்களை மீட்டது அவருடைய புலமை என்று நாம் சொல்வது சரிதான். அந்தப் புலமையைத் தாங்கியது இன்னும் கண்ணால் காணாத புத்தகத்துக்காகக் கையெழுத்துப் போட்ட ஒரு சிறு கூட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அ. மாதவையா ஒரு படி மேலே போனார். சால்ட் இலாகா உத்தியோகத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தப் பணமாக மாற்றி, மயிலாப்பூரில் சொந்த அச்சுக்கூடம் வைத்தார். 1924இல் 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1925 அக்டோபரில் செனட் மண்டபத்தில் தமிழுக்காகப் பேசி முடித்த கையோடு இறந்துபோனார். பத்திரிகையும் அதிக நாள் தாங்கவில்லை. பென்ஷனை விற்று இலக்கியம் பண்ணிய முதல் தமிழ் நாவலாசிரியர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

சொந்தப் பிரசுரம் என்றாலே ஏழ்மைக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் வடுவூர் துரைசாமி ஐயங்கார் சொந்தப் பத்திரிகை வைத்துத் தம் நாவல்களைத் தாமே வெளியிட்டு நன்றாகச் சம்பாதித்தார். அவரை யாரும் 'தானே போட்டுக்கொண்டான்' என்று சொன்னதாகத் தெரியவில்லை. இளக்காரம் கைக்காசின்மேல் அல்ல, திரும்பி வராத கைக்காசின்மேல் என்று இதிலிருந்து புரிகிறது.

பிறகு இந்த நிலைமை மாறியது. பாடப் புத்தகம் பணம் தரும் என்று கண்டவர்கள், வாரப் பத்திரிகைகளில் தொடர்கதையாகப் பெயர் எடுத்ததைப் புத்தகமாக்கினால் நஷ்டமில்லை என்று கண்டவர்கள் பதிப்பாளர்களானார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாளடைவில் நூலக ஆணை என்பது புத்தகத் தொழிலின் முதுகெலும்பாகவே ஆயிற்று. ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சிட்டு, பெரும்பகுதியை நூலகத்துக்குத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கடைக்குக் கொடுத்தால் ஆசாமி தப்பித்துக்கொள்ளலாம். இப்படி ஓடிய பதிப்பகங்களில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள், நல்ல புத்தகங்களும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் 'பதிப்பாளர் ரிஸ்க் எடுக்கிறார், ஆகவே அவருடைய தேர்வுக்கு ஒரு மதிப்பு' என்ற வாதம் இங்கே எவ்வளவு தூரம் செல்லும்? வாரப் பத்திரிகை ஏற்கெனவே வாசகர்களைத் திரட்டித் தந்த புத்தகத்தில் என்ன ரிஸ்க்? அரசாங்கம் வாங்கப்போகிற புத்தகத்தில் என்ன தேர்வு?

இந்த இடத்தில் புரூஸ்த் பெயரைச் சொல்லாதவர் கிடையாது. ஜீத் முதலியவர்கள் இருந்த பிரசுர ஸ்தாபனம் திருப்பி அனுப்பியது, 1913இல் கிராஸே என்பவர் மூலம் சொந்தச் செலவில் முதல் பாகத்தைக் கொண்டுவந்தார், மறு வருஷம் ஜீத் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார் என்பதெல்லாம் உண்மை. கைக்காசைக் கொடுத்துவிட்டு வருகிற நம் எழுத்தாளருக்கு இது பெரிய ஆறுதல். புரூஸ்துக்குப் பிதிரார்ஜிதச் சொத்து இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடுவார். நமக்குப் பக்கத்திலேயே வேறு உதாரணம் இருக்கிறது, சொத்து இல்லாத உதாரணம்.

சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' ஏட்டைத் தொடங்கினார். அது 1970 வரை வந்தது. அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த ஏட்டோடு கூடவே நடந்த எழுத்து பிரசுரத்தைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அவருடைய 'வாடிவாசல்', 'ஜீவனாம்சம்', ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து', 1962இல் 24 கவிஞர்களைச் சேர்த்த 'புதுக்குரல்கள்' எல்லாம் திருவல்லிக்கேணியிலிருந்து வந்தவை. இவற்றில் ஒன்றைக்கூட அன்றைய பதிப்பகம் எதுவும் தொட்டிருக்காது. யாப்பில்லாத கவிதையைக் கவிதை என்று ஒப்பாத பண்டிதர் ஒரு பக்கம், தொடர்கதையல்லாத நாவலை வியாபாரம் என்று ஒப்பாத வியாபாரி மறு பக்கம். செல்லப்பாவிடம் மூலதனம் என்று எதுவும் இல்லை. அவர் வேலையிலிருந்து விலகி வந்தவர். மணிக்கொடிக் காலத்து மனிதர், சிறை போனவர், கதர் கட்டியவர். கேட்டால் ஏதாவது கிடைக்கக்கூடிய இடங்களில் கேட்கமாட்டேன் என்ற பிடிவாதம் உண்டு.

அவர் என்ன செய்தார்? அச்சடித்ததை மூட்டை கட்டிக்கொண்டு நடந்தார். மதுரை, திருநெல்வேலி, கோவை என்று கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். தமிழ்த் துறையில் போய் உட்கார்ந்து, வாத்தியார்களோடு மணிக்கணக்கில் வாதாடி, நாலு பிரதி விற்றுவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். சில பயணங்களில் வல்லிக்கண்ணனும் கூடப் போயிருக்கிறார். புத்தகம் விற்றதா என்பதைவிட வாதம் நடந்ததா என்பதுதான் செல்லப்பாவுக்கு முக்கியம் என்று தோன்றுகிறது. ஆனால் விற்காமலும் திரும்பமாட்டார். இலவசமாகக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒரு கல்லூரி ஆசிரியர் இரண்டு ரூபாயைக் கொடுத்து 'காட்டு வாத்தை' வாங்கும் நிமிஷத்தில் ஏதோ ஒன்று நடக்கிறது என்று அவர் நம்பியிருக்கவேண்டும். படித்துவிட்டு அந்த ஆசிரியர் கோபித்துக்கொள்ளலாம். கோபிக்கக் காசு கொடுத்தவருக்கு உரிமை உண்டு.

இதைத் தியாகம் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிடுவது சுலபம். அப்படிச் செய்வது செல்லப்பாவைக் கேட்காமலிருக்க நல்ல வழி. என்னைப் பொறுத்தவரை அவர் செய்தது, பாரதி காகிதத்தில் போட்ட கணக்கைக் காலால் போட்டது. அச்சுக்கூலி தன்னுடையது, ஆனால் அதைத் திருப்பித் தரவேண்டியவன் வாசகன், வேறு யாரும் இல்லை. பத்தாயிரம் இல்லை, சில நூறு வாசகர்கள்தான். இருந்தாலும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தாயிற்று.

இந்த வழிக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அதையும் செல்லப்பாவை வைத்தே சொல்லலாம். 1997இல், 85ஆம் வயதில், அவர் 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகங்களாக, ஏறத்தாழ 1800 பக்கங்களில், தாமே வெளியிட்டார். 1998 டிசம்பரில் இறந்தார். 2001இல் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்கு வந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல். அந்த வயதில் அத்தனை பாரங்களையும் அச்சிலிருந்து இறக்கிய மனிதரின் உறுதிக்கு முன்னால் பேச நாக்கு எழவில்லை. ஆனால் விமர்சனத்தையே வாழ்வாகக் கொண்டவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை விமர்சனம்தான். அந்த நாவல் நீளத்தால் நலிந்திருக்கிறது. 'வாடிவாச'லில் ஒரு சொல் மிகாமல் எழுதிய கை, இங்கே நினைவில் வந்ததையெல்லாம் விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. 'இந்த அத்தியாயம் வேண்டாம்' என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. 'எழுத்து' நாட்களில் எத்தனையோ இளங்கவிஞர்களின் பிரதியில் கைவைத்துத் திருத்தியவருக்கு, தன் பிரதியில் கைவைக்க இன்னொரு செல்லப்பா கிடைக்கவில்லை. சொந்தப் பிரசுரத்தில் பணத்தைவிடப் பெரிய இல்லாமை இதுதான். எழுதியவனுக்கும் அச்சுக்கும் நடுவே நிற்கிற இரண்டாவது ஜோடிக் கண்கள் இல்லை.

நம் பதிப்பகங்களில் மட்டும் அந்தக் கண்கள் இருந்தனவா என்றால், மிகச் சிலவற்றில்தான். 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா முன்னால் வைக்க வேண்டிய பெயர். கையெழுத்துப் பிரதியை எடிட் செய்வது, ஒரு சொல்லுக்காக ஆசிரியரோடு மாதக்கணக்கில் தர்க்கம் செய்வது, காகிதத்தையும் எழுத்துருவையும் யோசிப்பது என்பதெல்லாம் தமிழில் விந்தையாக இருந்த நாட்கள் அவை. அவர் 2020 நவம்பரில் இறந்தபோது பலரும் அவருடைய அகராதியைச் சொன்னார்கள். நியாயம். பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, திருத்தங்களோடு திரும்ப வாங்கிக்கொண்டு, வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்த எழுத்தாளர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

அறுபதுகளில் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் வேறொரு தினுசு. முன்பணம் கட்டிய அங்கத்தினர்களுக்குப் புத்தகம். லா. ச. ராமாமிருதத்தின் 'புத்ர', தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' இப்படி வந்தவை. தயாரிப்பில் ஒரு கௌரவம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் இது உ. வே. சா.வின் கையொப்பமேதான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. 'அம்மா வந்தாள்' மாதிரி ஒரு நாவலுக்கு ஊரில் எழுந்த முகச்சுளிப்பை, ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட வாசகர்கள் ஓரளவு தாங்கிப் பிடித்திருக்கவேண்டும். இம்மாதிரி ஏற்பாடுகள் ஏன் நீடிப்பதில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இப்போதைக்கு வருவோம். ஈய எழுத்து கோத்த காலத்தில், ஒரு தப்பான புத்தகம் போட்டால் வீட்டில் நகை போகும். கம்ப்யூட்டர் வந்து, ஐம்பது பிரதி நூறு பிரதி என்று வேண்டியதை மட்டும் அச்சிட வசதி வந்தபிறகு அந்தப் பயம் போயிற்று. நல்லதுதான். கவிதைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஆனால் இந்த வசதியின் நிழலில் இன்னொரு தொழில் வளர்ந்திருக்கிறது. பதிப்பகம் என்று பெயர் இருக்கும், சின்னம் இருக்கும், பட்டியல் இருக்கும். எழுதியவர் பணம் கட்டவேண்டும். அட்டைக்கு இவ்வளவு, வெளியீட்டு விழாவுக்கு இவ்வளவு. சில இடங்களில் முன்னுரைக்கும் ஏற்பாடு உண்டு என்று கேள்வி. புத்தகம் வெளியாகும் நாளன்றே பதிப்பாளருக்கு வரவேண்டியது வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். புத்தகம் கையிலிருந்து போகவேண்டும் என்ற கவலை முழுவதும் எழுதியவருடையது.

இதையும் செல்லப்பா செய்ததையும் 'சொந்தச் செலவு' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறோம். செல்லப்பா அச்சுக்கூடத்துக்குக் கூலி கொடுத்தார். அச்சுக்கூடம் தன்னைப் பதிப்பகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர் பதிப்பாளராக இருந்தார், ஆகவே மூட்டையைத் தூக்கினார். இன்று பணம் கட்டுகிறவர் வாங்குவது அச்சு வேலையை அல்ல, 'என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தார்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை. தேர்வு என்பது வேண்டாம் என்று சொல்லக்கூடியவரிடமிருந்து வரவேண்டியது. பணம் வாங்குகிறவர் எப்படி வேண்டாம் என்பார்? பணம் வாங்காத பதிப்பகங்களிலும் ராயல்டிக்குப் பதில் பிரதிகளை எடுத்துக்கொள்ளச் சொல்கிற வழக்கம் உண்டு என்பது எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். எனவே அந்தப் பக்கம் பூராவும் புண்ணிய பூமி என்றும் நான் சொல்ல வரவில்லை.

சமீபத்தில் ஓர் இளைஞர் தன் முதல் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். வழவழப்பான அட்டை. பெயர் சொல்ல வேண்டாத ஒரு பதிப்பகம். எவ்வளவு கட்டினாய் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். இரண்டு மாசச் சம்பளம். நூறு பிரதியில் எண்பது அவர் அறைக் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பிரதியை அங்கே யார் படித்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். டைப் செய்த பெண் மட்டும், பதினோராம் பக்கத்துக் கவிதையில் ஒரு வரி இரண்டு தடவை வந்திருக்கிறது, வேண்டுமென்றே எழுதியதா தவறா என்று போனில் கேட்டாளாம். தவறுதான். வேண்டுமென்றே என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பெண் அப்படியே விட்டுவிட்டாள். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன், பதினோராம் பக்கத்தில் அந்த வரி இரண்டு தடவை இருந்தது.